திரைப்படச் சங்கமும் தடைவிடை மரபும்

நூலொன்றை இயற்றி முடித்த அளவில் புலவனின் பணி முடிந்துவிடுவதில்லை என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. சான்றோர் நிறைந்த அவையில் அவன் அதனை அரங்கேற்றுதல் வேண்டும். அவையோர் தடை எழுப்புவர். நூலாசிரியன் எழுந்து விடை கூறுதல் வேண்டும். சொல்லில் குற்றம் கண்டாலும் பொருளில் குற்றம் கண்டாலும் அவன் வாளா இருந்துவிட இயலாது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் தொடங்கப்பெற்று, அவருக்குப்பின் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறிய வரலாற்றை நம் துறை மாணவர் அனைவரும் படித்தவரே. ஆக்கியோனும் கேட்போனும் நேருக்கு நேர் அமர்ந்து ஒரு படைப்பைச் சோதித்துப் பார்க்கும் இவ்வழக்கம் அச்சு இயந்திரம் பரவிய பின் மெல்ல மறைந்தது. இன்று நூல் வெளியீட்டு விழா என்ற பெயரில் நடைபெறுவது அரங்கேற்றம் அன்று. அங்கே தடை எழுப்புவோரும் இல்லை, விடை கூறுவோரும் இல்லை. பொன்னாடை மட்டுமே உண்டு.

மறைந்த அவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் எவரும் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தலைகாட்டியது. அவ்விடம் திரைப்படச் சங்கம். சந்தா செலுத்திய உறுப்பினர் சிலர் ஒரு கூடத்தில் கூடுவர். நல்ல படம் ஒன்று திரையிடப்பெறும். வாய்ப்பிருப்பின் அப்படத்தை ஆக்கியவரே வந்து அமர்ந்திருப்பார். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் உறுப்பினர் வினவுவர். அவர் விடை கூறுவர். அமைப்பு இவ்வளவே. இலாபம் இல்லை, நுழைவுச்சீட்டு விற்பனை இல்லை, விளம்பரச் சுவரொட்டி இல்லை.

இதனை இம்மலரில் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் துறையின் இளங்கலை, முதுகலை மாணவ மாணவியர் சிலர், துறையின் சார்பில் திரைப்படச் சங்கம் ஒன்று தொடங்க இசைவு வேண்டி விண்ணப்பம் அளித்தனர். அவ்விண்ணப்பம் மேலே சென்றபோது, கல்லூரியின் நலத்தில் நீண்டகாலமாக அக்கறை கொண்ட பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, படிக்க அனுப்பிய பிள்ளைகளுக்குப் படம் காட்டவா நாம் இந்தக் கல்லூரியை நடத்துகிறோம்?" என்று கேட்டார். சிலர் அதைக் கேட்டுப் புன்முறுவல் பூத்தனர். எனக்கு அது புன்னகைக்குரிய வினாவாகத் தோன்றவில்லை. பிள்ளைகளின் நேரமும் கண்ணும் மனமும் எங்கே செலவாகின்றன என்று கேட்கும் உரிமை, இக்கல்லூரிக்குத் தம் உழைப்பையும் பொருளையும் ஈந்தவர்க்கு உண்டு. ஆகவே அவ்வினாவிற்கு என்னால் இயன்ற விடையைக் கூற முனைகிறேன். என் கருத்து இதுதான்: படம் காட்டுவதற்காக அன்று, படத்தை வினவக் கற்பிப்பதற்காகச் சங்கம் வேண்டும். வினவுதல் இல்லையேல் சங்கமும் வேண்டியதில்லை.

இத்தகைய சங்கங்களின் தொடக்கத்தைச் சிறிது நோக்குவோம். இலண்டன் மாநகரில் 1925-ஆம் ஆண்டு திரைப்படச் சங்கம் ஒன்று தோன்றியது. பெர்னாட்ஷா, எச்.ஜி.வெல்ஸ் முதலிய எழுத்தாளர்கள் அதன் தொடக்கக்கால உறுப்பினர்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உறுப்பினர்க்கு மட்டும் படம் காட்டப்பெற்றது. சோவியத் நாட்டு இயக்குநர் ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டம்கின்' படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு ஆங்கிலத் தணிக்கையாளர் 1926-இல் இசைவு மறுத்திருந்தனர். அப்படத்தை இச்சங்கம் 1929-ஆம் ஆண்டு நவம்பரில் தன் உறுப்பினர்க்குத் திரையிட்டது. அக்காலத்தில் இலண்டனுக்கு வந்திருந்த ஐசன்ஸ்டீன் உறுப்பினர்க்கு விரிவுரைகளும் ஆற்றினார். அதே ஆண்டில் புதோவ்கினும் அச்சங்கத்தில் உரையாற்றியிருந்தார். திரையிடலும் ஆக்கியோன் உரையும் இணைந்த வடிவம் அக்காலத்திலேயே உருப்பெற்றுவிட்டது என்பது கருதத்தக்கது. பொட்டம்கின் படத்தோடு அன்று திரையிடப்பெற்ற மற்றொரு படம், மீன்பிடித் தொழிலாளரைப் பற்றி ஜான் கிரியர்சன் எடுத்த 'டிரிஃப்டர்ஸ்' என்னும் ஆவணப்படம். இங்கிலாந்தில் ஆவணப்பட இயக்கம் ஒன்று எழுந்ததற்கு அப்படம் தொடக்கமாயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் அக்டோபரில் கல்கத்தாத் திரைப்படச் சங்கம் நிறுவப்பெற்றது. சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா, பன்சி சந்திரகுப்தா முதலியோர் அதனைத் தொடங்கினர். ராய் அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணிபுரிந்துவந்த இளைஞர், படமெடுத்தறியாதவர். 1949-இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், 'தி ரிவர்' என்னும் தம் படத்திற்கு இடம் தேர்வு செய்யக் கல்கத்தாவுக்கு வந்தார். ராய் அவரைத் தேடிச்சென்று அறிமுகம் செய்துகொண்டு, வங்காளத்தின் ஊர்ப்புறங்களுக்கு அவருடன் சென்றார், சென்றவிடமெல்லாம் வினவினார், அவ்வனுபவத்தை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். பன்சி சந்திரகுப்தாவோ அப்படத்தின் கலைப்பிரிவில் பணியாற்றினார். சுப்ரதா மித்ரா என்னும் இளைஞர் படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஓரமாக நின்று, விளக்குகள் எங்கெங்கே வைக்கப்பெற்றன என்பதைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டார்.

சில ஆண்டுகளுக்குப் பின்னர் இம்மூவரும் சேர்ந்து ஒரு படம் எடுத்தனர். ராய் இயக்கினார், சந்திரகுப்தா கலையைக் கவனித்தார், அதற்குமுன் திரைப்பட ஒளிப்பதிவுக் கருவியை இயக்கியறியாத மித்ரா ஒளிப்பதிவு செய்தார். 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' அதுவே. உலகெங்கும் இந்தியாவின் பெயரை எடுத்துச்சென்ற அப்படத்தின் வேர், கண்டு களித்ததோடு நில்லாது கேட்டும் குறித்தும் பழகிய ஒரு சிறு கூட்டத்தில் இருந்தது. மித்ராவின் அந்தக் குறிப்பேட்டை நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு. நம் மாணவர் பலர் வகுப்பிலேயே குறிப்பேடு திறப்பதில்லை என்பது வேறு செய்தி.

1959-இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ராய் அதன் தலைவரானார். பாட்னாவிலும் தில்லியிலும் சங்கம் வளர்த்த விஜயா முளே என்னும் அம்மையார் இணைச்செயலாளர்களுள் ஒருவர். சென்னைச் சங்கமும் தொடக்கத்திலேயே அதில் இணைந்திருந்தது. 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அமைந்தபின், பி.கே.நாயர் போன்றோரின் உழைப்பால் உலகப் படங்களின் சுருள்கள் இரும்புப் பெட்டிகளில் சிற்றூர் வரை பயணம் செய்யலாயின.

இங்கேதான் பெரியவர் அஞ்சிய செய்தி ஒன்றை மறைக்காது கூறிவிட வேண்டும். உறுப்பினர்க்கு மட்டுமே காட்டுவதால், தணிக்கைச் சான்று பெறாத வெளிநாட்டுப் படங்களையும் சங்கங்கள் திரையிட அரசு விலக்களித்தது. உறுப்பினர் என்ற வேலி, கருத்தறிந்தோர் தமக்குள் உரையாடுவதற்கென்று இடப்பெற்றது. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அவ்வேலியே ஒருசாராருக்குக் கவர்ச்சியாயிற்று. வெட்டப்படாத காட்சிகளைக் காணலாம் என்றே பலர் சந்தா கட்டினர். படத்தின் நாட்டையோ இயக்குநரையோ அவர்கள் அறியார். அறிய விரும்பவும் இல்லை. பின்னர் வீடியோ நாடாவும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியும் வந்தன. அவர்கள் தேடியது வீட்டிலேயே கிடைத்ததும் சங்கங்கள் பல இருக்கைகள் வெறிச்சோடி மூடப்பெற்றன. ஆகவே பெரியவரின் ஐயம் ஆதாரமற்றது என்று நான் வாதிடப் போவதில்லை. அந்நோய் எங்கே பிறந்தது என்பதை மட்டும் காட்ட விரும்புகிறேன்.

இதற்கு என் வாழ்விலிருந்தே சான்று தருகிறேன். நான் மாணவனாக இருந்த காலத்தில் ஒரு மாவட்டத் தலைநகரின் சங்கத்தில் உறுப்பினனாக இருந்தேன். ஒருமுறை தம் படத்துடன் இயக்குநர் ஒருவர் வந்தார். பெயர் வேண்டா. கூடத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் அமர்ந்திருந்தனர். படம் முடிந்து, "இயக்குநருடன் கலந்துரையாடல் தொடங்குகிறது" என்று செயலாளர் அறிவித்ததும், நாற்காலிகள் நகரும் ஓசை எழுந்தது. அது அடங்கியபோது நாங்கள் 11 பேர் எஞ்சியிருந்தோம். செயலாளர் நாணத்தால் தலை குனிந்தார். இயக்குநரோ சிறிதும் வருந்தாதவராய், "நாற்காலிகளை அருகில் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்.

அன்று நான் ஒரு வினா எழுப்பினேன். இறந்த மகனின் சட்டையைத் தாய் மடித்து வைக்கும் காட்சியில் வயலின் இசை ஏன் அவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று கேட்டேன். கேட்டபின் அஞ்சினேன். அவர் சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த நடிகை நன்றாகத்தான் செய்தார். ஆனால் பார்ப்பவர்கள் அழுவார்களோ மாட்டார்களோ என்று எனக்குப் பயம். அதனால் இசையைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். இப்போது எடுத்தால் அந்த இசையை நீக்கிவிடுவேன்" என்றார். வெளியேறிய நூற்றுவர் ஒரு படம் பார்த்தனர். எஞ்சிய 11 பேரும், தம் படைப்பில் குற்றம் உண்டென்று அவையில் ஒப்புக்கொள்ளும் ஒரு படைப்பாளியைக் கண்டோம். அன்று முதல் எந்தப் படத்திலும், ஏன், எந்த மேடைப்பேச்சிலும், என்னை அழவைக்க எவரேனும் முனைந்தால், அதற்கு எதைத் துணைக்கு அழைக்கிறார் என்று என் மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. இப்பழக்கம் தேர்தல் காலங்களில் மிகவும் பயன்படுகிறது.

அச்சங்கம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. படம் காட்டுவதில் காட்டிய முனைப்பை அதன் பொறுப்பாளர் உரையாடலில் காட்டவில்லை. உரையாடல், விழாவின் இறுதியில் வரும் நன்றியுரை போலாயிற்று. நோய் பிறந்த இடம் அதுவே.

கேரளத்தில் நிலை வேறாக இருந்தது. 1965-இல் திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 'சித்ரலேகா' திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். அதனைத் தொடர்ந்து சிற்றூர்களிலும் சங்கங்கள் முளைத்தன. நூலகங்களைப் போலவே அவையும் ஊர்ப்பொதுவின் ஓர் அங்கமாயின. 1984-இல் கோழிக்கோட்டில் ஜான் ஆபிரகாம் முதலியோர் 'ஒடெசா' என்னும் மக்கள் திரைப்பட அமைப்பை ஏற்படுத்தினர். ஊர் ஊராகச் சென்று திரையிட்டனர். மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' என்ற படத்தை 1986-இல் உருவாக்கினர். பார்ப்போரே தயாரிப்பாளர் ஆகிவிட்ட பிறகு, வினவும் உரிமையை யார் மறுக்க இயலும்? இந்த ஜான் ஆபிரகாம்தான் 1977-இல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' படத்தை எடுத்துத் தேசிய விருது பெற்றவர் என்பதைத் தமிழ்த்துறையினர் நினைவில் கொள்ளுதல் நன்று. திரைத்துறையிலிருந்து முதலமைச்சர்களையே தேர்ந்தெடுத்த தமிழ்நாட்டில், திரைப்படத்தை நோக்கி எழுந்து நின்று வினவும் அவைகள் அவ்வளவாகப் பெருகவில்லை. இக்குறையை எவர்மீதும் சுமத்தாமல், நம்மீதே சுமத்திக்கொள்வது முறை. பாட்டியலையும் அணியிலக்கணத்தையும் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் நூறாண்டைக் கடந்த ஒரு கலையைத் தீண்டாதிருந்துவிட்டன.

இனி, எத்தகைய படங்களைக் காட்டுவது என்ற வினா. ஈரான் நாட்டுப் படங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். அப்பாஸ் கியரஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' 1987-இல் வெளிவந்தது. தன் வகுப்புத் தோழனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்துவந்துவிட்ட சிறுவன், மறுநாள் தோழன் தண்டனை பெறுவானே என்றஞ்சி, அடுத்த ஊருக்கு ஓடி அவன் வீட்டைத் தேடுகிறான். கதை அவ்வளவே. மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' 1997-இல் வந்தது. தங்கையின் காலணியைத் தொலைத்துவிட்ட அண்ணன், தன் காலணியையே அவளோடு மாறிமாறி அணிந்து பள்ளி செல்கிறான். மூன்றாம் பரிசாகக் காலணி கிடைக்கும் என்பதால் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வர முயல்கிறான், முதலாவதாக வந்துவிடுகிறான். வெற்றி பெற்ற பிள்ளை அழுவதை நாம் வேறெங்கே கண்டோம்? பாட்டனாரும் பெயரனும் ஒரே வரிசையில் அமர்ந்து காணத்தக்க படங்கள் இவை.

இவற்றையும் பார்த்துவிட்டுப் போதல் போதாது என்பதே என் வாதம். முதற்படத்தில் சிறுவன் ஒரு குன்றின்மீது வளைந்து வளைந்து செல்லும் பாதையில் ஏறி ஓடுகிறான். உச்சியில் தனிமரம் ஒன்று நிற்கிறது. ஈரானிய ஊர்ப்புறத்தை உள்ளவாறே படம்பிடித்திருக்கிறார் என்று காண்போர் வியப்பர். ஆனால் அந்த வளைந்த பாதை அப்படத்திற்கென்றே இயக்குநர் அமைத்துக்கொண்ட பாதை. இதனை அறிந்தவுடன் நம் மனத்தில் வினாக்கள் வரிசையாக எழும். நேர்ப்பாதை ஏன் ஆகாது? உள்ளவாறு காட்டுதல் என்பதுதான் யாது? உள்ளுறையும் இறைச்சியும் படிக்கும் மாணவனுக்கு, அந்தப் பாதை எவ்வகை என்று எழுதிப்பார்க்கும் ஆவல் பிறக்காதா? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்ற இலக்கணத்தை வகுப்பறையில் ஐம்பது நிமிடம் விளக்கியும் எனக்குக் கைகூடாத தெளிவு, அந்தக் குன்றைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் கைகூடும் என்று நம்புகிறேன்.

இன்னுமோர் எடுத்துக்காட்டு. நம் ஊர்களில் பெரியவர் சிலர் வீடியோ நாடா வழி கண்டிருக்கக்கூடிய 'தி மெசேஜ்' படத்தை முஸ்தஃபா அக்காத் 1976-இல் வெளியிட்டார். ஆங்கிலத்திலும் அரபியிலும் வெவ்வேறு நடிகரைக்கொண்டு தனித்தனியே எடுத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் இல்லை. ஏனையோர் ஒளிப்பதிவுக் கருவியை நோக்கிப் பேசுவர். விடை நம் செவிக்கு வாராது. அப்படத்தை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு. அவ்வழக்கிற்குள் நான் செல்லவில்லை. காட்டலாகாது என்ற வரம்பு ஒன்று இருந்தபோது, அதனை மீறாமல் கதை கூற ஒரு கலைஞர் என்னென்ன வழிகளைத் தேடினார் என்பது ஆராயத்தக்கது. வரம்பே கலையை வளர்த்ததா, தடுத்ததா? மறுத்தோரின் தடை யாது? இவ்வினாக்களைத் தெருவில் பேசினால் சண்டை. அவையில் பேசினால் கல்வி.

"இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கைப்பேசி உள்ளதே, இனிச் சங்கம் எதற்கு?" என்று கேட்போர் உளர். அதனாலேயே வேண்டும் என்பேன். பிள்ளைகள் படம் பார்ப்பதை இனி எந்த நிர்வாகமும் தடுக்க இயலாது. போர்வைக்குள்ளே பார்க்கின்றனர், பேருந்திலே பார்க்கின்றனர். தனியே பார்ப்பவனிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அவனும் யாரையும் கேட்பதில்லை. ஒரு படம் முடியும் முன்னரே அடுத்த படத்தை அக்கருவி நீட்டிவிடுகிறது. படத்திற்கும் படத்திற்கும் இடையே எண்ணிப்பார்க்க ஓர் இருளும் ஒளியும் இல்லை. சங்கம் தருவது அந்த இடைவேளையைத்தான்.

நடைமுறை பற்றிச் சில சொல்லவேண்டும். எங்கோ பதிவிறக்கிய திருட்டுப்படியைக் கல்லூரிக் கூடத்தில் காட்டுதல் கூடாது. உரியவரின் இசைவைக் கேட்டு எழுதுவோம். அக்கடிதமே இயக்குநரை அழைக்கும் கடிதமாகவும் அமையும். பெருநிறுவனப் படங்களைவிட, குறும்படமும் ஆவணப்படமும் எடுக்கும் இளைஞரை அழைப்பது எளிது. அவர்களுக்கும் அவை தேவை. உறுப்பினருள் மாணவியர் சரிபாதியாக இருத்தல் வேண்டும். அவர்கள் வீடு திரும்ப ஏற்ற பிற்பகல் நேரத்தையே தேர்தல் வேண்டும். பெரியவர்களுக்கும் உறுப்பினர் உரிமை உண்டு. வரவேற்புரை, வாழ்த்துரை, முன்னிலை, தலைமை என்று நம் விழாக்களில் வழங்கும் வரிசை அங்கே நுழையலாகாது. நாற்பது நிமிடம் வரவேற்றுவிட்டு, "நேரமின்மை காரணமாக இரண்டு வினாக்கள் மட்டும்" என்று அறிவிக்கும் கொடுமையை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சிலமுறை நானே செய்திருக்கிறேன். "உங்கள் அடுத்த படம் எது?" என்ற வினாவை விலக்கிவைத்தல் நலம். மாணவர் படம் பார்க்குமுன் அன்றி, பார்த்தபின், தம் வினாவை ஒரு தாளில் எழுதிக்கொள்ளப் பத்து நிமிடம் தரலாம். கலந்துரையாடல் முடியுமுன் வெளியேறுவோர் மும்முறைக்குமேல் அவ்வாறு செய்யின் உறுப்பினர் உரிமையை இழப்பர் என்றும் ஒரு விதி வகுத்துள்ளோம். மாணவர்கள் இவ்விதியைக் கடுமை என்றனர், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இவற்றையெல்லாம் எழுதிய தாளுடன் பெரியவரைச் சென்று கண்டேன். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு வரிவரியாகப் படித்தார். முதல் திரையிடலாக 'நண்பனின் வீடு எங்கே' குறிக்கப்பட்டிருந்தது. "படம் எவ்வளவு நேரம்?" என்றார். "83 நிமிடம், ஹாஜியார்" என்றேன். "எத்தனை மணிக்குத் தொடங்குவீர்கள்?" என்றார். "மூன்றரைக்கு. ஐந்து மணிக்கு முன் முடிந்துவிடும். அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணிநேரம் கலந்துரையாடல். மக்ரிபுக்குள் எல்லோரும் கலைந்துவிடலாம்" என்றேன். கருத்தரங்கக் கூடத்தின் மேற்குச் சாளரங்களுக்குத் திரைச்சீலை இல்லை. அந்நேரத்து வெயில் நேரே திரைமீது விழும் என்று அவரே நினைவூட்டினார். அதற்கு ஆவன செய்வதாகக் கூறினேன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இசைவு என்றும் சொல்லவில்லை, மறுப்பு என்றும் சொல்லவில்லை. நான் விடைபெற்று வாயிற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, கேள்வி கேட்க ஒரு மணிநேரம் போதுமா?"